செருப்பு ஸ்டாண்டைப் படம் எடுத்தவர்கள்

ஆட்டோவிலிருந்து இறங்கிய அந்த ஆள் முதல் வேலையாகப் படம் எடுத்தது சகாதேவன் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டை.

எதிரே மலை முழுசாக நின்றுகொண்டிருந்தது. மழை பெய்து ஓய்ந்து, உச்சி வரைக்கும் கழுவிவிட்ட மாதிரி பச்சையாக இருந்தது. கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை வருகிற ஜனமெல்லாம் கழுத்து வலிக்கும் வரை அதைத்தான் பார்க்கும். இந்த ஆள் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து, சகாதேவனுடைய தேய்ந்துபோன ரப்பர் செருப்பைக் கிட்டத்தில் வைத்து எடுத்தார்.

கூட வந்த அம்மாள் கேட்டில் தொங்கிய பலகையைக் காட்டினாள். "இதையும் ஒண்ணு எடுங்க."

'நாய் ஜாக்கிரதை' என்று எழுதியிருந்தது. அதையும் எடுத்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். "நாய் எங்கங்க?"

"நாய் இல்ல. நான்தான் இருக்கேன்" என்றார் சகாதேவன்.

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். சகாதேவன் சிரிக்கவில்லை. அவர் தமாஷுக்குச் சொல்லவில்லை.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதுசாக வந்த தெருக்களில் ஒன்றில் அவர் வீடு. கீழ்பென்னாத்தூர் பக்கம் இருந்த நிலத்தைத் தம்பியின் பொறுப்பில் விட்டுவிட்டு வந்து கட்டினது. மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. தீபத்துக்கு லாட்ஜில் இடம் கிடைக்காதவர்கள் வருஷா வருஷம் வந்து கேட்பார்கள். சகாதேவன் விட்டதே இல்லை. தலைக்கு மேலே எவன் நடக்கிறான் என்று தெரியாமல் மனுஷன் எப்படித் தூங்குவது? இந்த வருஷம் அவர் மனைவி உண்ணாமலை போனை எடுத்து, அவரை ஒரு வார்த்தை கேட்காமல், "வாங்க வாங்க" என்று சொல்லிவிட்டாள்.

"எந்த ஊரு நீங்க?" என்றார் சகாதேவன். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

"தாம்பரங்க. என் பேரு மாறன். இவங்க அருணாதேவி, என் வீட்டுக்காரம்மா. ரிட்டையர் ஆனதுல இருந்து லீவு சீசன் வந்தா ரெண்டு பேரும் ஏதாவது ஒரு ஊருக்குக் கிளம்பிடுவோம். தசராவுக்கு மைசூர், சித்திரையில மதுரை. போற எடமெல்லாம் போட்டோ எடுப்போம். இந்தத் தடவை உங்க ஊரு."

"கோயிலு அந்தப் பக்கம் இருக்கு."

"அது எங்கங்க போவப் போவுது, பாத்துக்கலாம்" என்றார் மாறன். "உங்க சமையல்கட்டு எந்தப் பக்கம்?"

சகாதேவனுக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. அவர் திரும்புவதற்குள் உண்ணாமலை அந்த அம்மாளைக் கைபிடித்து உள்ளே கூட்டிப் போயிருந்தாள்.

சாயங்காலத்துக்குள் மாறன் எடுத்த படங்கள் இவை: மாடிப்படியின் கைப்பிடி, அடுப்பு மேடை, பின்கட்டுத் துணி துவைக்கிற கல், குளியலறைத் தாழ்ப்பாள், சகாதேவன் எப்போதும் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலி. அருணாதேவி ஒவ்வொரு படத்தையும் உடனே யாருக்கோ போனில் அனுப்பினாள். அங்கிருந்து பதில் வந்தது. இரண்டு பேரும் தலையைச் சேர்த்து வைத்துப் படித்துச் சிரித்தார்கள்.

"ஏய், உண்ணாமல" என்று சமையல்கட்டு ஓரமாகப் போய் நின்றார் சகாதேவன். "இவங்க இன்னா வேலையா வந்திருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"சாமி கும்பிட வந்திருக்காங்க."

"சாமி கும்பிட வந்தவன் தாழ்ப்பாளை எதுக்குப் போட்டோ புடிக்கிறான்? எந்தத் தாழ்ப்பா லூசா இருக்கு, எந்தப் பக்கமா ஏறலாம், எல்லாம் கணக்கு எடுக்கிறான். படம் யாருக்கோ போவுது பாத்தியா? அது கும்பலு."

"அந்த மனுஷனுக்கு முட்டிவலி. மாடிப்படியே ஏற முடியல. அவரு சுவரு ஏறிக் குதிக்கப் போறாரா?"

"அவன் ஏற மாட்டான். படம் பாத்துக்கினு இருக்கிறானே, அவன் ஏறுவான்."

உண்ணாமலை தாளிப்பைக் கொட்டினாள். அந்தச் சத்தத்தில் அவர் பேச்சு அடங்கிப்போனது.

மறுநாள் காலையில் சகாதேவன் தானாக ஒரு பாதுகாப்பு ஏற்பாடு செய்தார். மோட்டார் அறை, பின்கட்டு, குளியலறை மூன்றுக்கும் பூட்டு போட்டார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மோட்டார் போடாததால் மேலே தொட்டி காலியானது. மாடியிலிருந்து அருணாதேவி எட்டிப் பார்த்து, "அண்ணே, தண்ணி வரலீங்களே" என்றாள். இப்போது போய்ப் பூட்டைத் திறந்தால் பூட்டினது தெரிந்துவிடும். "மோட்டார் ரிப்பேரு" என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்ட பிறகு வேறு வழி இல்லை. தெருக்குழாயில் பிடித்து, குடம் குடமாக அவரேதான் மாடிக்குத் தூக்கினார்.

நாலாவது குடத்தோடு அவர் படியில் மூச்சு வாங்கி நின்றபோது 'கிளிக்' என்றது. மேல்படியில் மாறன்.

"எதுக்குய்யா இது?" என்று கத்தினார் சகாதேவன். பாதிக் குடம் அவர்மேலேயே கொட்டியது.

'கிளிக்.'

"வந்தவங்களுக்காக இந்த வயசுல இவ்ளோ தூரம் தூக்கறீங்களே, அதுக்குத்தாங்க" என்றார் மாறன். கண் கலங்கின மாதிரி இருந்தது. கண் கலங்கத் தெரிந்த திருடன் இன்னும் ஆபத்து என்று சகாதேவன் நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். சகாதேவன் ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார். பஸ்ஸில் முன்பக்கம் அவர்கள், பின்பக்கம் இவர். தேரடித் தெரு முழுக்க ஜனம். பலூன், பொரி, அகல்விளக்கு, வளையல் கடைகள். ராஜகோபுரத்துக்கு முன்னால் ஊர்ப்பட்ட பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்கள். ஒரு படம் எடுத்தார்கள். அப்புறம் அகல்விளக்குக் கடையில் உட்கார்ந்து, அந்தக் கடைக்காரியோடு பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

என்ன பேசுகிறார்கள்? கிட்டத்தில் போனால்தான் கேட்கும். சகாதேவன் ஒரு கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். வண்டிக்காரன், "பெரியவரே, ஓரமா போ, சக்கரத்துல துண்டு மாட்டிக்கும்" என்றான். சொல்லி முடிப்பதற்குள் மாட்டிக்கொண்டது. இழுத்ததில் தலையிலிருந்த துண்டு முழுசாகக் கரும்போடு கரும்பாக உள்ளே போனது.

கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. அருணாதேவியும் பார்த்தாள்.

"அட, நம்ம அண்ணன்! நீங்களும் வந்தீங்களா? சொல்லியிருந்தா ஒண்ணா வந்திருக்கலாமே. நில்லுங்க, நில்லுங்க, அப்படியே நில்லுங்க."

'கிளிக்.'

சாறு வழிகிற துண்டோடு சகாதேவன் நேராக வேணுவின் டீக்கடைக்கு வந்தார். அவர் தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கிற வேணுதான் அவருக்கு இருக்கிற ஒரே சிநேகிதன். மற்றவர்களோடெல்லாம் சண்டை.

"வேணு, போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் வா. என் வீட்டுல ரெண்டு திருடங்க தங்கியிருக்காங்க."

"யாரு, அந்தக் கேமராக்காரரா?" வேணு டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "நேத்து இங்க வந்து டீ குடிச்சாங்க. உன்னைப் பத்தித்தான் விசாரிச்சாங்க."

"பாத்தியா! இன்னா கேட்டாங்க?"

"அந்த வீட்டுப் பெரியவரு எப்படி, கோவக்காரரான்னாங்க. சாப்பாட்டுல உப்பு கம்மியா இருந்தா தட்டைத் தூக்கி எறிவாரான்னாங்க. வீட்டுக்கு ஒரு பொண்ணு வந்தா நல்லா வெச்சுக்குவாரா, மூஞ்சியைக் காட்டுவாரான்னு அந்தம்மா திருப்பித் திருப்பிக் கேட்டுது."

சகாதேவன் புரியாமல் பார்த்தார்.

"யோவ், மண்டு" என்றார் வேணு. "அவங்க திருடங்க இல்லய்யா. பொண்ணு வீட்டுக்காரங்க. சொல்லாம கொள்ளாம வந்து அக்கம்பக்கத்துல விசாரிச்சுட்டுப் போறதுதானே வழக்கம். இவங்க கொஞ்சம் விவரம், உள்ளயே வந்து தங்கிட்டாங்க. உன் பையனுக்குப் பொண்ணு குடுக்க வந்திருக்காங்க."

சகாதேவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய மகன் அருண்பிரசாத்துக்கு முப்பத்தைந்து தாண்டியாகிவிட்டது. மெட்ராஸில் நல்ல கம்பெனியில் வேலை. பையன்மேல் ஒரு குறையும் யாரும் சொன்னதில்லை. குறையெல்லாம் அப்பாமேல்தான். ஒரு பெண் வீட்டில் காபி குடித்துக்கொண்டே சுவரைத் தட்டிப் பார்த்து, "செங்கல்லு சரியில்லயே" என்றார். இன்னொரு வீட்டில், கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தாத்தாவைக் காட்டி, "இவரு சொந்தத் தாத்தாதானா, இன்னிக்கு மட்டும் கூட்டிக்கினு வந்ததா?" என்று கேட்டார். அதற்கப்புறம் ஜாதகம் கொண்டுவருகிற தரகரே அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு வருஷமாக வீட்டில் கல்யாணப் பேச்சே இல்லை. உண்ணாமலை கேட்பதையும் விட்டுவிட்டாள். அவள் கேட்காமல் இருந்ததுதான் சகாதேவனுக்கு அதிகமாக வலித்தது.

"நீ இன்னா சொன்னே வேணு?"

"உள்ளதைச் சொன்னேன்."

"அடப்பாவி!"

அதோடு ஓடினார். வீட்டுக்கு வந்து மூன்று பூட்டையும் திறந்தார். மோட்டாரைப் போட்டார். 'நாய் ஜாக்கிரதை' பலகையைக் கழற்றிப் பரண்மேல் எறிந்தார். பிறகு மகனுக்குப் போன் போட்டார்.

"டேய், ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டு வா. நல்ல சட்டை ஒண்ணு எடுத்துக்கினு வா. மாடியில தங்கியிருக்கிறாங்களே, அவங்க பொண்ணு வீட்டுக்காரங்கடா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"உங்க அம்மாளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. நானாத்தான் கண்டுபுடிச்சேன். டேய்? டேய்!"

லைன் கட்டாகிவிட்டது. தீபத்துக்கு ஜனம் ஜாஸ்தி, டவர் கிடைக்காது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அதிலிருந்து அவர் ஆளே மாறிப்போனார். மாறன் கேமராவைத் தூக்கினால் போதும், நேராக நின்றார். "பின்னால மாடு கட்டற எடம் இருக்கு, அதையும் எடுங்க. பீரோவைத் தொறக்கட்டா? உள்ள எடுங்க." துணி துவைக்கிற கல்லின்மேல் தண்ணீர் ஊற்றிப் பளபளவென்று ஆக்கி, "இப்ப ஒண்ணு எடுங்க, முன்ன எடுத்தது அழுக்கு" என்றார். அருணாதேவி சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனால் கொஞ்சம் பயந்த மாதிரியும் தெரிந்தது. ஒரே நாளில் ஒரு மனுஷன் இப்படி மாறினால் யாருக்கும் பயம் வரும்.

"படமெல்லாம் யாருக்குங்க அனுப்பறீங்க?" என்று மெதுவாகப் போட்டுப் பார்த்தார்.

"எங்க பொண்ணுக்குங்க. பூஜான்னு பேரு. பாக்கணும்னு ஆசைப்பட்டா."

சகாதேவன் சமையல்கட்டைத் திரும்பிப் பார்த்து, மனைவிக்குக் கண் காட்டினார். அவள் பார்க்காத மாதிரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இவளுக்கு எதையும் கவனிக்கத் துப்பில்லை என்று வருத்தப்பட்டார்.

ஒன்று மட்டும் அவருக்குப் புரியவில்லை. வந்ததிலிருந்து பையனைப் பற்றி அவர்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. குடிப்பானா, என்ன படிப்பு, எதுவும் இல்லை. கேட்டதெல்லாம் சகாதேவனைப் பற்றித்தான். சரி, பையனை மெட்ராஸிலேயே விசாரித்திருப்பார்கள். குடும்பத்தின் ஒழுங்கைப் பார்க்கத்தான் இங்கே வந்திருக்கிறார்கள். அப்படியானால் ஒழுங்கைக் காட்டிவிட வேண்டியதுதான்.

மறுநாள் மத்தியானம் வாழை இலை போட்டுப் பெரிய சாப்பாடு. மாறன் ரசத்துக்கு வந்த நேரம் பார்த்து சகாதேவன் ஆரம்பித்தார்.

"எங்க வீட்டுல இந்தக் காதல் கீதல் எல்லாம் கெடையாதுங்க. என் பையன் நான் கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டான். என் தம்பி மவன் ஒருத்தன் தானா போயி ஒரு பொண்ணைக் கட்டிக்கினு வந்து வாசல்ல நின்னான். நான் கேட்டைத் தொறக்கல. இன்னி வரைக்கும் தொறக்கல."

மாறனின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"நல்ல பொண்ணா இருந்துதுன்னா?" என்று அருணாதேவி கேட்டாள்.

"நல்ல பொண்ணுன்னா பெரியவங்களைக் கேட்டில்ல செஞ்சிருக்கும்?"

"அந்தப் பொண்ணைப் பெத்தவங்க பாவம் இல்லீங்களா?"

"அவங்களைத்தான் முதல்ல நிக்க வெச்சுக் கேக்கணும்!" என்று இலையைத் தட்டினார் சகாதேவன். மோர் தெறித்தது.

உள்ளே உண்ணாமலை கரண்டியைக் கீழே போட்டாள். அருணாதேவி பாயசம் வருவதற்குள் இலையை மூடினாள். பேச்சில் மயங்கிப்போய்விட்டார்கள் என்று சகாதேவன் எண்ணினார். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு 'கிளிக்' கூட வரவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது.

சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்தபோது மாடியில் நடமாட்டம் இல்லை. உண்ணாமலை முற்றத்தில் நின்றிருந்தாள்.

"கிளம்பிட்டாங்க" என்றாள்.

"நாளைக்குத் தீபம். இன்னிக்கு எவன் கிளம்புவான்?"

"நீங்க பேசினதைக் கேட்டவங்க கிளம்புவாங்க."

சகாதேவன் வேறு யாரோ பேசுகிற மாதிரி கேட்டார்: "உண்ணாமல, இதையும் வுட்டுட்டா, என்னைப் பாத்து நம்ம வூட்டுக்கு வேற எவன் பொண்ணு குடுப்பான்?"

"எவனும் குடுக்க மாட்டான்" என்றாள் அவள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் மாதிரிதான் சொன்னாள்.

சகாதேவன் செருப்புகூடப் போடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். தீபக் கூட்டத்துக்காக மெயின் ரோட்டில் தடுப்பு வைத்திருந்தார்கள். ஆட்டோ போகாது, எல்லோரும் நடைதான். அது ஒன்றுதான் அவருக்குச் சாதகம். சாலையோரம் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் பக்கத்தில், சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போன மாறனும் அருணாதேவியும் தென்பட்டார்கள்.

"நில்லுங்க! நில்லுங்கய்யா!"

மாறன் திரும்பினார். பழக்கதோஷம், கை தானாகக் கேமராவைத் தூக்கியது. 'கிளிக்.'

"எடுங்க" என்றார் சகாதேவன், மூச்சு வாங்கிக்கொண்டே. "நல்லா எடுங்க. இதையும் உங்க பொண்ணுக்கு அனுப்புங்க. மாமனாரு கெழவன் செருப்பு இல்லாம ரோட்டுல ஓடியாந்து நின்னான்னு சொல்லுங்க."

இரண்டு பேரும் திகைத்துப் போனார்கள். "உங்களுக்கு... தெரியுமாங்களா?" என்றாள் அருணாதேவி.

"எல்லாம் தெரியும். நீங்க எதுக்கு வந்தீங்கன்னு அன்னிக்கே தெரியும்."

"கோவம் இல்லீங்களா?"

"எதுக்கும்மா கோவம்? நல்ல காரியத்துக்குத்தானே வந்தீங்க. இலையில உக்காந்து நான் பேசினது எல்லாம் வாய்ச் சவடாலு. எனக்குப் பேசத் தெரியாது. ஆளுங்களை நம்பத் தெரியாது. அதனால என் பையன் தனியா நிக்கிறான். உங்க பொண்ணு என் வீட்டுக்கு வந்தா, உப்பே போடாம சோறு போட்டாலும் வாயைத் தொறக்க மாட்டேன். இது சத்தியம்."

அருணாதேவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாறன் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பெரிய மனசுங்க உங்களுக்கு. இதைத்தாங்க எங்க பொண்ணு கேக்கணும்னு இருந்தா."

"அப்போ ஒரு நாள் குறிச்சுடலாம். இந்தக் கார்த்திகையிலயே. மார்கழி பொறந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

"என்ன நாளுங்க?" என்றார் மாறன்.

"கல்யாண நாளுதான்."

மாறனும் அருணாதேவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிடித்திருந்த கை மெதுவாக நழுவியது. அதற்குள் உண்ணாமலையும் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாள்.

"வா உண்ணாமல, எல்லாம் பேசி முடிச்சாச்சு. தோ, கோயிலு. குருக்கள் சும்மாத்தான் உக்காந்திருக்காரு. இப்பவே நாள் பாத்துடலாம்."

"இந்தக் கோயிலு வேணாங்க" என்றாள் உண்ணாமலை அவசரமாக.

"ஏன்?"

"கூட்டமா இருக்கு."

உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை.

"வெயில் தாழட்டுங்க" என்றார் மாறன். வானம் மூடிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தலை சுத்துது" என்றாள் அருணாதேவி.

"சாமி முன்னாடி சுத்தட்டும், சரியாப் போயிடும்" என்று சகாதேவன் மூன்று பேரையும் முன்னால் தள்ளிக்கொண்டு படியேறினார். நல்ல காரியத்தைத் தள்ளிப்போட்டால் இந்த ஜனங்கள் மனசு மாறிவிடும். யாரையும் நம்ப முடியாது.

மௌலி குருக்கள் விபூதித் தட்டோடு எழுந்து வந்தார்.

"சாமி, நான் வேங்கிக்கால் சகாதேவன். என் பையன் அருண்பிரசாத்துக்கும் இவங்க பொண்ணு பூஜாவுக்கும் கல்யாணத்துக்கு நாள் பாத்துச் சொல்லணும்."

குருக்கள் மாறனைப் பார்த்தார், அருணாதேவியைப் பார்த்தார், சகாதேவனுக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்ற உண்ணாமலையைப் பார்த்தார். முகமெல்லாம் மலர, சகாதேவன் கையில் விபூதியைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"நாள் என்னத்துக்கு, ஆவணியிலேயே இதே சந்நிதியிலே ரெண்டு பேருக்கும் நான்தானே கல்யாணம் பண்ணி வெச்சேன், உங்களுக்குக் காலு சுளுக்கு, எழுந்து வர முடியலேன்னு சொல்லி உங்காத்து அம்மாதான் முன்னால நின்னு அட்சதை போட்டா — இப்போ கால் தேவலையா?"